திரி வைத்த கால்பந்துகள்

நாரணாபுரம்,
25-6-1962

அன்புள்ள தம்பி சங்கரபாண்டியனுக்கு அக்கா செல்லக்கனி ஆசிகளுடன் எழுதுவது. நீயும் சொர்ணலட்சுமியும் சென்னையில் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நானும் உன் அத்தானும் சுகம் என்று எழுதுவதுதான் முறை. எனக்கு அதில் பாதி வரிதான் எழுத வருகிறது.

இன்று காலை எழுந்ததும், முகம்கூடக் கழுவாமல், கூடத்தில் கிடந்த கால்பந்துகளில் காற்றடிக்கிற ரப்பர் கழுத்தை ஒவ்வொன்றாக அவிழ்த்துக் கொஞ்சம் காற்றை இறக்கினேன். மற்ற வீடுகளில் அந்த நேரத்துக்குக் கோலம் போடுவார்கள். வெயில் ஏறினால் உள்ளே காற்று பெருத்து ஏதாவது ஒன்று வெடித்துவிடும். வெடித்தால் அத்தான் அன்று முழுக்கச் சாப்பிட மாட்டார்.

போன வருஷம் சித்திரை வெயிலில் நம் பட்டாசு மருந்துக் கொட்டகை வெடித்ததே, அன்றைக்கு வேலை செய்த பெண்கள் பழகியபடி கையில் இருந்ததைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடி வந்தார்கள். அத்தான் முற்றத்தில் நின்று தலைகளை எண்ணினார். ஒரு தலை குறைந்தது. மூக்கம்மாள். அவளை எடுக்க உள்ளே போக அவருக்குக் கால் எழவில்லை. அன்று விட்டவர் பிறகு பட்டாசைத் தொடவில்லை. வெடிக்காத சாமான் ஒன்று செய்யப் போகிறேன் என்று மதுரைக்குப் போய், ஒரு கால்பந்து வாங்கி வந்து, அரிவாள்மனையில் வைத்து அறுத்தார். உள்ளே ஒரு ரப்பர் பை, வெளியே பதினெட்டுத் தோல் துண்டு. "இம்புட்டுத்தானா?" என்றார். ரப்பரும் வெடிக்கும் என்று எனக்கும் தோன்றவில்லை, பி.ஏ. படித்தவள் நான்.

திண்டுக்கல்லிலிருந்து தோல் வந்தது. நனைத்து இழுத்துக் காயவைத்த பிறகுதான் வெட்ட வேண்டுமாம். அது தெரியாமல் வெட்டியதில் முதல் பந்து காற்றடித்ததும் ஒரு பக்கம் வயிறு தள்ளிப் பூசணிக்காயாக நின்றது. அடுத்ததை உட்புறம் வெளியே தெரியத் தைத்து, சட்டையைத் திருப்புவதுபோல் திருப்ப வேண்டும். திருப்புவதற்கு வாய் விடாமல் முழுக்கத் தைத்துவிட்டு எல்லாரும் அதைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். இரும்பு ஊசியை நம் பெண்கள் தொடவே இல்லை. மருந்து இருக்கும் இடத்தில் இரும்பு ஆகாது, பொறி பறக்கும் என்று பழகிய கை. மருந்தே இல்லை என்று சொன்னாலும் கேட்காது. பித்தளை ஊசி செய்து கொடுத்தோம், தோலில் ஏற்றியதும் வளைந்தது. கடைசியில் விருதுநகர் கிளப்புக்கு ஒரு பந்து போனது. இரண்டாம் நாளே திரும்பி வந்தது. ரப்பர் கழுத்தை உள்ளே மடித்துச் செருகாமல் வெளியே நீட்டிவிட்டிருந்தார்கள். கோல் காக்கிறவர் அந்த வாலைப் பிடித்தே பந்தை நிறுத்தினாராம்! தைத்தவள் மூக்கம்மாளின் தங்கை பேச்சியம்மாள். அத்தான் அவளைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"ஏத்தா பேச்சி, உள்ள செருகித்தான தைக்கச் சொன்னேன்?"

"திரி வெளிய நிக்கலேன்னா வாங்குதவன் எங்கன பத்த வைப்பான் மொதலாளி?"

"இது பத்த வைக்கதுக்கு இல்லத்தா, ஒதைக்கதுக்கு!"

"அம்புட்டுச் செலவு பண்ணி ஒதைக்கதுக்கா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. பந்து வெடிக்கும்போதெல்லாம் பெண்கள் வாசலுக்கு ஓடுகிறார்கள். அவர் முற்றத்தில் நின்று எண்ணுகிறார். கணக்குச் சரியாக வந்தாலும் அவர் முகம் தெளிவதில்லை. தம்பி, பந்தால் எங்களுக்குச் சோறு வராது. நம் பெண்களைத் தாயில்பட்டிப் பட்டாசுக் கம்பெனிக்காரர்கள் கூப்பிடுகிறார்கள். பட்டாசு லைசென்ஸ் என் பெயரில்தான் இருக்கிறது. இந்த மாதக் கடைசிக்குள் புதுப்பிக்காவிட்டால் தீபாவளிச் சீசன் கைவிட்டுப் போகும். என் பேச்சு அவரிடம் எடுபடவில்லை. நீ உடனே புறப்பட்டு வந்து, பந்தை மூட்டைகட்ட வைத்து, கொட்டகையை மறுபடி கட்டித் திறக்கச் சொல்.

சொர்ணலட்சுமிக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசிகள். பத்திரகாளி உங்களைக் காக்கட்டும். மீதி நேரமிருந்தால் எங்களையும்.

அன்புள்ள அக்கா,
செல்லக்கனி

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் ஒரு பந்து வெடித்துவிட்டது. எல்லாரும் ஓடி வந்தார்கள், பேச்சியம்மாளைத் தவிர. தைக்கிற நூலைக் கால் கட்டைவிரலில் சுற்றி இழுத்துக்கொண்டிருந்தவளுக்கு எழ முடியவில்லை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அத்தான் உள்ளே ஓடினார். அவளை அப்படியே தூக்கிக்கொண்டு வந்தார். பின்னாலேயே பாதி தைத்த தோல், நாய்க்குட்டி மாதிரி இழுபட்டு வந்தது. "ஐயோ மொதலாளி, விடுங்க! வெரலு போயிரும்!" என்று அவள் கத்த, மற்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவளை இறக்கிவிட்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "ஏளா செல்லக்கனி, எல்லாரும் வந்தாச்சு" என்றார். பிறகு தரையில் உட்கார்ந்து அழுதார். அந்த ஒரு வருஷத்து அழுகைக்கு நான் குறுக்கே போகவில்லை.

இனி எந்தச் சத்தம் கேட்டாலும் இவர் உள்ளேதான் ஓடுவார். அது மருந்துக் கொட்டகையாக இருக்கக் கூடாது. ஆகையால் நீ வர வேண்டாம். காற்றடிக்கிற பம்பு ஒன்று மட்டும் வாங்கி அனுப்பு. பித்தளையில் பார், இரும்பென்றால் இவர்கள் தொட மாட்டார்கள். லைசென்ஸை நான் புதுப்பிக்கப் போவதில்லை. அவரிடம்கூட இன்னும் சொல்லவில்லை.