சிலிண்டர் வைத்த மூலை

நனைந்த சாக்கை விலக்கிய பூமிநாதன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். ஹாலின் மூலையில், சந்தன நிறப் புது ஆத்தங்குடிக் கல்லில், வட்டமாக, பழுப்பாக, ஒரு கறை.

நாளைக்குப் புதுமனை புகுவிழா. கதவு, ஜன்னல், பெயிண்ட் என்று எல்லாவற்றையும் அவரிடமே விட்டுவிட்ட யோகலட்சுமி, இந்த வீட்டில் தனக்கென்று கேட்டது ஆத்தங்குடிக் கல் தரை ஒன்றைத்தான். அதற்காக ஏழெட்டுத் தடவை தானே கல் வார்க்கும் பட்டறைக்கும் போய் வந்தாள். நேற்று இங்கிருந்து வாடகை வீட்டுக்குக் கிளம்பும்போதுகூடச் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

"அந்த மூலையில சாக்கு விரிச்சிருக்கு, அதை மட்டும் எடுத்துறாதீக. கல்லு இன்னும் காயல. நாளைக்கு எண்ணெய் தேய்க்கப் பட்டறைச் சின்னக்கருப்பு வருவாரு, அவரு பாத்துக்கிருவாரு."

சாக்கை எடுக்கக் கூடாது என்றாளே தவிர, அதன் மேல் எதையும் வைக்கக் கூடாது என்று சொல்லவில்லை. ஆகவே, மாலையில் மழையோடு மழையாகக் கேஸ் கொண்டுவந்த ஆள் எங்கே இறக்குவது என்று கேட்டபோது, பூமிநாதன் தயங்காமல் அங்கே கைகாட்டினார். இரவு முழுக்க ஈரச் சிலிண்டர் சாக்கின் மேல் உட்கார்ந்திருந்தது; காலையில் அதை நகர்த்தியபோதுதான் சாக்கு நனைந்திருப்பதைப் பார்த்தார். அதன் பலன்தான் இது என்று அவருக்குச் சந்தேகமே இல்லை.

வேறு ஆளாக இருந்தால் பழையபடி சாக்கைப் போட்டு மூடிவிட்டு நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருப்பார். பூமிநாதன் இருபத்து மூன்று வருடமாகப் பிளஸ் டூ வேதியியல் ஆசிரியர். சாம்பாரில் உப்புக் கூடினால்கூடக் குளோரைடு கூடிவிட்டது என்பார். கறையைப் போக்குவதற்கு முன்னால் கறை யாரென்று தெரிய வேண்டும் என்பது அவர் கட்சி. பழைய வீட்டிலிருந்து வந்த சாமான்களுக்குள் கையை விட்டுத் தன் ரசாயனப் பெட்டியைத் தேடி எடுத்தார்.

நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு. சிமென்ட் கல் சுர்ரென்று நுரைத்தது. அதன் மேல் பொட்டாசியம் ஃபெரோசயனைடு ஒரு சொட்டு. கறை பளிச்சென்று நீலமானது.

"அயர்ன் மூணு," என்று காலி ஹாலுக்கு அறிவித்தார். துருதான். சந்தேகத்துக்கு இடமே இல்லை.

கறை இல்லாத இடத்திலும் ஒரு சொட்டு விட்டுப் பார்க்க வேண்டும், அப்போதுதான் அது சோதனை என்று பிள்ளைகளிடம் வாராவாரம் தொண்டை வறளச் சொல்கிறவர் அவர். கல்லுக்குச் சேர்க்கிற காவி, பழுப்பு எல்லாமே இரும்புதான் என்பதும் அவருக்குத் தெரியாததில்லை. பதற்றத்தில் இரண்டும் மறந்துபோயின.

அப்போது போன் அடித்தது. பிள்ளையார்பட்டியில் அர்ச்சனை முடிந்துவிட்டது, தங்கச்சியோடு நேரே புது வீட்டுக்குத்தான் வருகிறேன், அரைமணி நேரம் ஆகும் என்றாள் யோகலட்சுமி. அங்கே எல்லாம் நல்லபடியாக இருக்கிறதா என்றும் கேட்டாள். நல்லபடியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, போனை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். பழுப்பாக இருந்தாலாவது பழைய கறை என்று சொல்லலாம். நீலத்துக்கு என்ன சொல்வது?

நீலத்தைக் காரம் கலைக்கும். காஸ்டிக் சோடாவைக் கரைத்து ஊற்றினார். நீலம் சொன்னபடி கேட்டது. ஆனால் போகும்போது துருவைக் கக்கிவிட்டுப் போனது. வட்டமாக இருந்த கறை இப்போது இரண்டு கை அகலத்துக்குப் பரவியது.

சரி, இரும்பு மூன்றை இரும்பு இரண்டாக ஒடுக்கிவிட்டால் நிறம் வெளுத்துவிடும். ஒடுக்குவதற்கு வைட்டமின் சி போதும். யோகலட்சுமியின் மாத்திரை டப்பாவைக் கவிழ்த்து, சப்பிச் சாப்பிடுகிற மாத்திரை பன்னிரண்டையும் பொடித்துத் தேய்த்தார். பழுப்பு வெளுத்தது. மாத்திரையிலிருந்த ஆரஞ்சுச் சாயம் கல்லில் இறங்கியது.

சாயத்தை வெளுக்க ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றினார். சாயம் அசையவில்லை. ஒடுக்கி வைத்திருந்த இரும்பு மட்டும் மறுபடி ஆக்சிஜனேற்றமடைந்து பழுப்பாகத் திரும்பி வந்தது. ஒரு மாணவன் இப்படிச் செய்திருந்தால் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பார்.

மனது கேட்கவில்லை. இந்த வேதியியல்தானே அவளைக் கொண்டுவந்து சேர்த்தது. கல்லூரி ஆய்வகத்தில், நைட்ரேட் இருப்பதைக் காட்டும் பழுப்பு வளையம் வராமல் அவர் சோதனைக் குழாயைக் குலுக்கிக் குலுக்கித் தவித்தபோது, பக்கத்து மேசைக்காரி யோகலட்சுமி அதை வாங்கிச் சாய்த்துப் பிடித்து, அமிலத்தைக் குழாயின் ஓரமாக மெல்ல இறக்கி, "ஆட்டாம நில்லுங்க" என்றாள். வளையம் வந்தது. அன்றிலிருந்து அவள் சொன்னால் ஆடாமல்தான் நின்றிருக்கிறார், நேற்று மாலைவரை. ஒரு சாக்கு விஷயத்தில் அவள் பேச்சைத் தட்டியதை நினைக்க அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

கடைசியாக ஆக்ஸாலிக் அமிலம் இருந்தது. அதை ஊற்றித் தேங்காய் நாரால் மூச்சு வாங்கத் தேய்த்தார். எல்லாம் போயிற்று. நீலம் போயிற்று, ஆரஞ்சு போயிற்று, பழுப்பு போயிற்று, கல்லின் பளபளப்பும் போயிற்று. சுண்ணாம்பு அடித்தாற்போல் சொரசொரப்பாக ஒரு வெள்ளைத் திட்டுதான் மிச்சம்.

தேங்காய் எண்ணெய்த் தூக்கோடு சின்னக்கருப்பு உள்ளே வந்தபோது பூமிநாதன் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். கல்லைப் பார்த்ததும் சின்னக்கருப்பு தூக்கைக் கீழே வைத்தார்.

"சிலிண்டர் கறை பட்டுருச்சு. எடுக்கப் போயி இப்படி ஆயிருச்சு," என்றார் பூமிநாதன். "அவ வாரதுக்குள்ள இதே மாதிரி வேற கல்லு ஒண்ணு மாத்திக் குடுத்துருங்க. இத்தனை வருசத்துல அவ ஆசையாக் கேட்டது இந்தத் தரை ஒண்ணுதான்."

சின்னக்கருப்பு குத்தவைத்து உட்கார்ந்து வெள்ளைத் திட்டை விரலால் தடவினார். பிறகு ஓரமாகக் கிடந்த சாக்கை எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். ஈரம் இருந்தது, துரு ஒரு பொட்டுக்கூட இல்லை.

வாசலில் கார் வந்து நின்றது. கதவு திறக்கும் சத்தமும், தங்கச்சியிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டே யோகலட்சுமி இறங்குவதும் கேட்டன.

சின்னக்கருப்பு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இதுக்கு வேற கல்லு கிடையாது சார். மூணு கல்லு வீணாப் போயி, நாலாவதுலதான் அம்மா நெனச்ச மாதிரிப் பழுப்பு வளையம் விழுந்துச்சு. 'விசேசத்தன்னிக்குச் சாக்கை எடுத்துக் காட்டுவோம், ஒண்ணும் சொல்லாதீக, பாத்த ஒடனே என்னன்னு அவுகளே கண்டுபிடிச்சிருவாக'ன்னு சொன்னாகளே."