அட்டை ஏரோப்பிளேனில் இரண்டு துரைமார்

படங்கள் எதிர்த்துப் பேசாது என்ற தைரியத்தில்தான் அத்தனை காலமும் வாய்க்கு வந்ததையெல்லாம் பேசிக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு படம் பேசிவிட்டது. அதுவும் என் வீட்டு ஹாலில், என் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் நடுவில்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். (சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.) மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், நஷ்டம் பள்ளிக்கூடத்துக்குத்தான். கண்டியில் சிமெந்து மூட்டை தூக்கிய அதே தெருவில் சொந்தமாக ஹாட்வெயார் கடை போட்டவன். என் கடை ஆணி அடிக்காத வீடு கண்டியில் எங்காவது இருந்தால், அது இந்நேரம் சாய்ந்திருக்கும்.

இப்படிப்பட்டவனுக்குப் பெரிய மனிதப் பழக்கம் ஒன்று வேண்டாமா? டாக்டர்மார் தபால் முத்திரை சேர்த்தார்கள். நான் போஸ்ட்கார்ட் படம் சேர்த்தேன். அந்தக் காலத்து ஸ்டூடியோவில் வேஷம் கட்டிவிட்டுப் படம் பிடித்து, போஸ்ட்கார்ட் அளவில் அடித்துக் கொடுப்பார்களே, அவைதான். அட்டையில் வெட்டிய பிறை நிலாவில் உட்கார்ந்த புதுத் தம்பதி, பஞ்சு அடைத்த புலிமேல் காலை வைத்துத் துவக்குப் பிடித்த பேக்கரிக்காரர், பெட்ரோலே கேட்காத அட்டைக் காரில் ஏழு பேர். பழைய பேப்பர் கடைகளில் கிளறிக் கிளறி எடுத்தவை. எல்லாவற்றையும் ஹால் மேசைக் கண்ணாடிக்கு அடியில் பரப்பி வைத்தேன். தேத்தண்ணீர் எடுக்கக் குனிகிறவர் எவரும் தப்பிக்க முடியாது.

குனிந்தவர் "இது யாருங்க?" என்று கேட்பார். எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் மூன்றாம் வகுப்பு வரைக்கும் 'தெரியாது' என்ற சொல்லை எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆளுக்கொரு கதை கட்டிவிடுவேன்.

"அவங்க எந்திரிச்சு வந்து கேக்க மாட்டாங்கங்கிற தைரியத்துலதானே இந்தப் போடு போடுறீங்க" என்பாள் என் மனைவி.

அந்த ஞாயிற்றுக்கிழமை கெலிஓயாவிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளை மோகன், பேராதனை ஆஸ்பத்திரியில் கிளார்க். இதற்கு முன் வந்த இடங்களையெல்லாம் வேண்டாம் என்ற என் மகள் சாந்தி, மோகனின் படத்தைப் பார்த்துவிட்டு முதல் தடவையாகச் சிரித்தாள். அன்று காலையில் என் சட்டைக் கொலரைச் சரிசெய்துகொண்டே, "அப்பா, இந்த இடம் சரிவந்தா எனக்குச் சந்தோஷம். நீங்க மட்டும் கொஞ்சம் கம்மியா பேசுங்கப்பா" என்றாள்.

தலையை ஆட்டினேன். (தலைக்கும் வாய்க்கும் எனக்கு எப்போதுமே பேச்சுவார்த்தை கிடையாது.)

மோகனோடு அவன் அம்மா பாக்கியம் வந்திருந்தார். இளம் வயதிலேயே கணவனை இழந்தவர், அதிகம் பேசாதவர். அவருக்கும் சேர்த்துப் பேசுவதற்கு அவருடைய அண்ணன் வந்திருந்தார். தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர்.

"எங்க குடும்பத்துல கல்யாணத்துக்கு முன்ன பேச்சு, பழக்கம் ஒன்னும் கெடையாதுங்க. இந்தா ஒக்காந்திருக்கே எந்தங்கச்சி, தாலி கட்டுறப்பதான் மாப்பிள்ள மொகத்தையே பாத்துச்சி!"

பாக்கியம் அம்மா கேசரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என் வீட்டில், என் கதிரையில் உட்கார்ந்து இன்னொருவர் பெருமை அடிப்பதா? எனக்குப் பொறுக்கவில்லை. மேசைக் கண்ணாடியைத் தட்டினேன்.

"இதப் பாருங்க. இந்த மாதிரிப் படம் இலங்கையிலயே என்கிட்ட மட்டுந்தான் இருக்கு."

அட்டையில் செய்த ஏரோப்பிளேன். அதற்குள் தொப்பியும் கோட்டுமாகத் தோட்டத்துத் துரைமார் இரண்டு பேர். முன்னால் நெட்டையான ஒருவர். பின்னால் பெரிய மீசையும் வாயில் புகைக்கிற சுங்கானுமாகக் குட்டையான ஒருவர். அவர் கண் இரண்டும் மூடியிருந்தது.

"ரெண்டும் அண்ணன் தம்பி. தெல்தெனியாப் பக்கம் தோட்டம். பெரிய தொர தங்கமானவரு. இந்தச் சின்னத்தொர இருக்கானே, பெருங்குடிகாரன்! கண்ணப் பாருங்க, படம் புடிக்கிறப்பகூட தெளியல."

பாக்கியம் அம்மா குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்:

"குடிக்கலீங்க. பல்ப்பு வெளிச்சத்துக்குப் பயந்து கண்ண மூடிட்டேன்."

"யாரு?" என்றேன், மடையன் மாதிரி.

"நாந்தாங்க. முன்னுக்கு இருக்கிறது மோகனோட அப்பா."

கணக்கப்பிள்ளையின் வடை வாய்க்குப் போகும் வழியில் நின்றது. மறுபடி பார்த்தேன். மீசை ஒரு பக்கம் தடிப்பு, மறுபக்கம் மெலிசு.

பரிசம் போட்டபின் கண்டிக்குப் பெரஹரா ஊர்வலம் பார்க்க வந்தபோது நடந்ததாம். பெண்ணும் ஆணும் சேர்ந்து எடுத்த படம் ஸ்டூடியோ வாசலில் தொங்கினால் ஊர் சிரிக்குமே என்று, படக்காரரே இவருக்கும் கோட்டை மாட்டி, கண்மையால் மீசையும் வரைந்துவிட்டாராம்.

"பெரஹராவுல தொலைஞ்சு போயிட்டேன்னு அழுதியே!" கணக்கப்பிள்ளை கத்தினார். "ஒன்னத் தேடி கொளத்த ரெண்டு சுத்து ஓடுனேனே!"

"நீங்க ஓடுனத ஸ்டூடியோ ஜன்னல்ல நின்னு பாத்தோம்ண்ணே."

குசினித் திரைக்குப் பின்னால் சாந்தி சிரித்துவிட்டாள். அதோடு கணக்கப்பிள்ளை குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"நம்ம வீட்டுப் பொம்பளைய குடிகாரன்னு சொன்ன எடத்துல சம்பந்தமா? எந்திரிங்க, போவோம்."

சிரிப்பு நின்றது. திரை ஓரத்தில் சாந்தியின் முகம் தெரிந்தது. கம்மியாகப் பேசுங்கள் என்று கேட்ட அதே முகம்.

மோகன் எழவில்லை. கண்ணாடிமேல் குனிந்திருந்தான். அவன் தவழும் வயதில் அப்பா போய்விட்டார். வீட்டில் இருந்த படங்கள் கலவரத்தில் வீட்டோடு எரிந்துபோயின.

"அம்மா, அப்பா இப்பிடியா இருந்தாரு?"

"காது ஒனக்கு அப்பிடியே."

ஒருவழியாக என் வாய் ஓய்ந்ததும் கை தொடங்கியது. படத்தை எடுத்துக் கொடுக்கிறேன் பேர்வழி என்று கண்ணாடியைத் தூக்கினேன். மேலே தேத்தண்ணீரும் கேசரியும் இருந்ததை மறந்துவிட்டேன். அத்தனையும் கணக்கப்பிள்ளையின் வெள்ளை வேட்டியில் இறங்கின.

படமோ கண்ணாடியின் அடிப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டே வந்தது. கண்டி ஈரத்தில் எப்போதோ பிடித்துக்கொண்டிருக்கிறது. நகத்தால் நெம்பப் போனேன்.

"வேணாங்க!" பாக்கியம் அம்மா பதறினார். "மொகம் உரிஞ்சிரும்!"

கண்ணாடியை அளவாக வெட்டித் தருகிறேன் என்றேன். அன்றைக்கு என் கையை நம்ப ஒருவரும் தயாராக இல்லை. "கண்ணாடியோடயே கொண்டு போங்கம்மா" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு அண்ணன் பக்கம் திரும்பினார்.

"ஒக்காருங்கண்ணே, வேட்டி காயட்டும். சாந்தி, வாம்மா. அது காயிற வரைக்கும் நீயும் மோகனும் கொளத்த ஒரு சுத்து நடந்துட்டு வாங்க."

அண்ணன் வாயைத் திறந்தார்.

"வேணும்னா நீங்க பின்னாலயே ஓடுங்கண்ணே."

சாயங்காலம் கெலிஓயா பஸ்ஸில் அந்த மேசைக் கண்ணாடியை மோகன் மடியில் வைத்துக்கொண்டு போனான். கண்ணாடி இப்போதும் அவர்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது. படம் உள்ளங்கை அளவு, கண்ணாடி கதவு அளவு. என் மேசை இன்றுவரை மொட்டையாகத்தான் நிற்கிறது.

கல்யாணத்தில் எல்லாரும் நின்று ஒரு படம் எடுத்தோம். ஆல்பம் வந்ததும் பாக்கியம் அம்மா முதலில் என்னைத்தான் தேடினார். அத்தனை பேரும் கண்ணைத் திறந்திருக்க, நான் மட்டும் மூடியிருந்தேன்.

"சம்பந்திக்கு படம் புடிக்கிறப்பகூட தெளியல போல."

பல்ப்பு வெளிச்சம் என்று சொல்லிவிட்டேன். அந்த நேரம் பார்த்து சாந்தி என் கையைப் பிடித்தாள் என்று சொன்னால், இவ்வளவு பேசுகிறவனை யார் நம்பப்போகிறார்கள்?

அன்றிலிருந்து சின்னத்துரை நான்தான். மத்தியானச் சோற்றுக்குப் பிறகு சாய்மனைக் கதிரையில் கண்ணை மூடினால் போதும், பேத்தி காதுக்குள் வந்து கத்துவாள்:

"சின்னத்தொர, தெளிஞ்சிருச்சா?"