தொட்டிக்குள் ஒரு தவசு காலம்

கும்மிடிப்பூண்டியில் கம்பெனிகள் வந்து நிற்பதற்கு முன்பே, ரயில்பாதை ஓரம் முள்ளுக்காட்டை வெட்டி வெல்டிங் பட்டறை போட்டவன் நான். அங்கே கரண்ட் கம்பம் வரவழைத்தவன் நான். உப்புத் தண்ணீர் பூமியில் போர் போட்டு நல்ல தண்ணீர் எடுத்தவனும் நான்தான். எங்கள் மாதா கோயில் மணிக்கூண்டின் இரும்புச் சட்டம் என் கை வேலை. புயலுக்கு ஊரில் கூரை பறக்கும், அது அசையாது. இத்தனையும் கட்டியவனால் ஒன்றை மட்டும் உண்டாக்க முடியவில்லை: ஈஸ்டருக்கு முந்தின தவசு காலத்தில் அரை மணி நேர அமைதி.

எழுபதுகளில் ஒரு வருஷம், பெரிய வெள்ளியன்று சிலுவைப்பாதையில் முன்னால் மரச்சிலுவை தூக்கிப் போகும் ஆசை வந்தது எனக்கு. (மணிக்கூண்டு செய்தவனைவிடத் தகுதியானவன் யார்?) பங்குச் சாமியார் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“சிலுவை கிடக்கட்டும். தினமும் அரை மணி நேரம் வாயை மூடிக்கிட்டு தனியா உட்காரு. செஞ்ச பாவத்தை யோசிச்சுப் பாரு. அப்புறம் எங்கிட்ட வந்து எல்லாத்தையும் சொல்லி பாவசங்கீர்த்தனம் பண்ணு. பார்க்கலாம்.”

பூ, இவ்வளவுதானா என்று கிளம்பினேன். விடிகாலையில் கோயிலுக்குப் போனால், மண்டியிட்ட இடத்துக்கே வந்து ஒருவர் கேட் கீல் உடைந்த கதையைச் சொன்னார். பழவேற்காடு ஏரிக்கரைக்குப் போனேன். மீன்காரர் ஒருவர் நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, “நைனா, இத்த கொஞ்சம் ஒட்டிக் குடு” என்றார். வீட்டிலோ கண்ணை மூடினாலே என் மனைவி ஆரோக்கியம், உடம்புக்கு என்ன என்று சுக்குக் கஷாயத்தோடு வந்து நிற்பாள். ஒருநாள் தப்பித்தவறி அமைதி கிடைத்தது. பாவம் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. தீர்ந்துபோன வெல்டிங் ராடுதான் வந்தது. பெரிய வெள்ளி நெருங்க நெருங்க, நான் நரகத்துக்கே நேர்ந்துவிடப்பட்டவன் என்று முடிவு செய்து, சோறு இறங்காமல் கிடந்தேன். (கடுமையான உபவாசம் என்று ஊரார் மெச்சினார்கள்.)

அப்போதுதான் பட்டறையில் நின்ற தொட்டி கண்ணில் பட்டது. கோயிலுக்காக நானே செய்த இரும்புத் தண்ணீர்த் தொட்டி, ஆள் உயரத்துக்கு மேல். தலையில் ஓர் ஆள் இறங்கும் ஓட்டை. யாரிடமும் சொல்லாமல் ஏணியை உள்ளே விட்டு இறங்கி உட்கார்ந்தேன். அப்படி ஓர் அமைதி. தூங்கிவிட்டேன்.

தொட்டியைக் கொடுப்பதற்கு முன் தண்ணீர் நிரப்பிக்கொண்டே, வெளியே சுற்றிலும் சுத்தியலால் தட்டிப் பார்ப்பது பட்டறை வழக்கம். ஒட்டு சரியில்லை என்றால் கசியும். அன்று அதைச் செய்யச் சொன்னதே நான்தான், மறந்துவிட்டேன். ஆரோக்கியத்தின் தம்பி சின்னப்பன், யாரோ ஏணியை விட்டுப்போனதாக நினைத்து, உள்ளே குனிந்து பாராமலே அதை உருவிக்கொண்டு, ஓட்டையில் ஓஸ் பைப்பைச் செருகி மோட்டாரைப் போட்டிருக்கிறான்.

விழித்தபோது இடுப்பு வரை தண்ணீர். நான்கு பக்கமும் இடி. ஆயுசெல்லாம் சுத்தியலோடு வாழ்ந்தவனுக்கு அது சுத்தியல் என்று தெரிந்திருக்க வேண்டும். உலகம் முடிந்து கடைசித் தீர்வை நாள் வந்துவிட்டது என்றுதான் தோன்றியது. கத்தினேன், என் குரல் எனக்கே கேட்கவில்லை. எழுந்து நின்றேன். தண்ணீரும் விடாமல் ஏறி மார்புக்கு வந்தது. அதுவரை எட்டிப் பார்க்காத பாவமெல்லாம் இப்போது முண்டியடித்துக்கொண்டு வந்தது. சொல்லிவிட்டாவது சாவோம் என்று அலறினேன்.

“ஆண்டவரே, கறி துன்னக்கூடாத வெள்ளிக்கிழமையில ஆரம்பாக்கம் தாண்டிப் போயி கோழி துன்னேன். ஆந்திரா பார்டர தாண்டிட்டா நம்ம சாமியாருக்கு பவர் கெடையாதுன்னு நெனச்சிக்கினேன்.”

அந்த நேரம் பார்த்து வெளியே டீ வந்து, பட்டறை ஆட்கள் தட்டுவதை நிறுத்தியிருக்கிறார்கள். நான் கவனிக்கவில்லை.

“எஸ்.எஸ்.எல்.சி. பெயிலுன்னு பொய் சொல்லித்தான் ஆரோக்கியத்த கட்டிக்கினேன். நான் படிச்சது மூணாங் கிளாஸு.”

மூடிய இரும்புக்குள் பேசினால் குரல் எப்படிப் பெருகும் என்பது தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: ரயில் ஸ்டேஷன் வரை கேட்டதாம். தண்ணீர் நின்றது. ஓட்டையில் சின்னப்பன் தலை தெரிந்தது.

“மாமா, நீ இன்னா இதுக்குள்ள கீற?”

அவனைத் தள்ளிக்கொண்டு அடுத்த தலை. எனக்குக் கஞ்சி கொண்டுவந்திருந்த ஆரோக்கியம்.

“மூணாங் கிளாஸா? அப்ப தெனம் காலையில இங்கிலீஷ் பேப்பர விரிச்சிக்கினு குந்துவீங்களே, அது இன்னாத்துக்கு?”

கழுத்தளவு தண்ணீரில் புதுப் பொய் வரவில்லை. “படம் பாத்தேன்” என்றேன்.

“அக்கா, ஏணிய உடட்டுமா?”

“இர்ரா. இன்னும் இன்னா இன்னா கீதுன்னு சொல்லி முடிக்கட்டும்.”

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். தொட்டியைப் பார்க்க வந்திருந்த சாமியாரும் கீழே நின்று கேட்டுவிட்டார். சொட்டச் சொட்ட இறங்கியவனிடம், “நல்ல பாவசங்கீர்த்தனம்தான். ஆனா எங்கிட்ட மட்டும் சொல்லச் சொன்னேன்” என்றார்.

ஊர் சிரித்து அடங்கட்டும் என்று, அந்தப் பெரிய வெள்ளியில் சிலுவையைச் சின்னப்பனிடம் கொடுத்துவிட்டார். நான் பின்னால் குடிதண்ணீர்க் குடத்தோடு நடந்தேன்.

இன்றும் எங்கள் வீட்டில் யாராவது எதையாவது மறைத்தால், “தண்ணி உடட்டா?” என்றுதான் கேட்பார்கள். கேட்கட்டும். ஆனால் இந்தக் கதையைச் சொல்கிற எல்லோரும் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். கழுத்து வரை தண்ணீர் நின்றும், சுற்றிலும் அத்தனை அடி அடித்தும், அந்தத் தொட்டி ஒரு சொட்டு கசியவில்லை. ஒட்டு முழுக்க என் கை. இனிமேல் சொல்கிறவர்கள் அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.