இரும்புக் கைக்கு வைத்த பொட்டு

எனக்கு எழுபத்தாறு வயது. அவர் போன பிறகு தனியாக நின்று நாலு பிள்ளைகளை ஆளாக்கினேன். கையெழுத்துப் போடுவேன், பஸ் போர்டு படிப்பேன். அதற்கே எனக்குக் கர்வம் அதிகம். (இப்போதும் குறையவில்லை.) அந்தக் கர்வம் ஓசூரில் ஒரு ஆயுத பூஜை அன்று வழுக்கி விழுந்தது. எங்கள் வீட்டுச் செல்போன்களில் கேமரா வராத காலம்.

கடைசி மகன் ஏழுமலை, கார் பாகம் செய்யும் கம்பெனியில் டெம்பரரி. புதிதாக வந்த ரோபோ கையை அவன் பொறுப்பில் விட்டிருந்தார்கள். பூஜைக்கு வரும் குடும்பத்தார் முகத்தை அது கேமராவில் பார்த்துப் பேனாவால் வரையும். ஒழுங்காக வரைந்தால் அவன் பர்மனென்ட்.

தோள், முழங்கை, மணிக்கட்டு எல்லாம் இருந்தது. ஆளைத்தான் காணோம்.

"ஆறு எடத்துல மடங்கும்மா" என்றான்.

"எனக்கு ரெண்டு எடத்துல மடக்கறதுக்கே உசுரு போவுது."

அவன் மேனேஜரை அழைத்துவரப் போனான். மற்ற மிஷின்களுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், பூ. இது மட்டும் மூளியாக நின்றது. பிள்ளைக்குச் சோறு போடும் மிஷினை அப்படி விடலாமா? நெற்றியைத் தேடினேன். மணிக்கட்டுக்கு மேலே வட்டமாக ஒரு கண்ணாடி பளபளத்தது. இதுதான் என்று தாராளமாக அப்பினேன்.

மேனேஜர் பெங்களூர்க்காரர். ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். கை சர்சர்ரென்று வரைந்தது. முடி வந்தது, காது வந்தது. கண்ணும் மூக்கும் இருக்க வேண்டிய இடத்தில் பூரி அளவுக்கு ஒரு வட்டம்.

"யாரு மாடித்து இது?" என்றார் கன்னடத்தில், யார் செய்த வேலை என்று. ஏழுமலை முகத்தில் ரத்தமே இல்லை.

"நான்தாங்க" என்றேன். "எல்லாத்துக்கும் வெச்சிட்டு, இதுக்கு மட்டும் நெத்தி எங்கன்னு தெரியாம உட்டுட்டாங்க."

அவர் குங்குமம் அப்பிய கேமரா கண்ணாடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வயிறு குலுங்கச் சிரித்தார். "மிஷின் சரியாத்தான் வேலை செய்யுது ஏழுமலை. பாத்தத வரைஞ்சிருக்கு. தொடைக்க வேணாம், அம்மாவயும் வரையட்டும்."

அடுத்த மாதம் அவனுக்கு ஆர்டர் வந்தது. என்னோடு பேச்சு வர இன்னும் ஒரு மாதம் ஆயிற்று.

இன்றும் யாராவது புது போன் வாங்கினால், "ஆயா கண்ணுல காட்டாத, பொட்டு வெச்சிரும்" என்று ஒளித்து வைப்பார்கள். வைக்கட்டும். அன்று அந்தக் கை என்னை வரைந்த படம் என் கட்டிலுக்கு நேரே மாட்டியிருக்கிறது. முகம் முழுக்கப் பொட்டு. அவர் போன பிறகு எனக்குப் பொட்டு வைத்துவிட்டது அந்தக் கை ஒன்றுதான்.

யாழினி, நான் சொல்லச் சொல்ல இதுவரை எழுதியதை வாசி பார்ப்போம். சிரிக்காமல் வாசி, உங்கப்பன் ஏழுமலை உள்ளே இருக்கிறான்.