மதன் படித்த பதிப்பு

புதுச்சத்திரம்

மரியாதைக்குரிய மச்சான் கைலாசம் அவர்களுக்கு, தங்கள் தங்கை புருஷன் சண்முகவேல் எழுதுவது. இங்கே உங்கள் தங்கையும் நானும் பண்ணைக் கோழிகளும் சுகம். பள்ளிபாளையத்தில் அக்காவும் மதனும் அவ்வாறே இருக்கக் குலசாமி துணை. போனில் சொன்னால் நீங்கள் நடுவில் பேசிவிடுவீர்கள் என்பதால் கடிதம்.

போன ஜூனில் மதனுடைய பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் புத்தகத்தை, "அட்டைகூடக் கசங்கலைங்க மாப்ள, ஊட்டுக்கு ஒண்ணு இருக்கட்டும்" என்று கொடுத்தீர்கள். அது ஏன் கசங்கவில்லை என்பது மதனின் மதிப்பெண்ணைப் பார்த்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். மகள் மலர்விழி, பள்ளியில் கொடுத்த புத்தகத்தில் படிப்பாள், சாயங்காலம் நான் உங்கள் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு ஒப்பிக்கச் சொல்லுவேன், எனக்கு இயற்பியல் தெரியாது, ஆனால் வரிக்குக் கீழே விரல் வைக்கத் தெரியும். விரல் ஒரு பக்கம் போனது, பிள்ளை ஒரு பக்கம் போனாள். ரயில் வினாடிக்குப் பதினைந்து மீட்டர் என்கிறது புத்தகம், இவள் இருபது என்கிறாள். "ரயில ஓட்டறது நீயா சாமி?" என்று கேட்டேன். கீழே விழும் பொருளுக்கு ஒன்பது புள்ளி எட்டு என்று அச்சிலேயே இருக்கிறது, "பத்துங்கப்பா, சார் அப்படித்தானுங்க வெச்சுக்கச் சொன்னாரு" என்கிறாள். முட்டை வியாபாரத்தில் நாங்களே அவ்வளவு கூட்டிச் சொல்வதில்லை. விடாமல் உட்கார வைத்து, முழுப் புத்தகத்தையும் என் விரல்படியே மனப்பாடம் செய்ய வைத்தேன்.

கோளாறு வாத்தியாரிடம்தான் என்று உங்களிடம் சொன்னேன். நீங்களும் பழக்கமான தாளாளரிடம் ஒரு வார்த்தை போட, வளவன் சாரை ஆறாம் வகுப்புக்குத் தள்ளிவிட்டார்கள். நன்றி சொல்லத் தலைமையாசிரியையிடம் போனால், அந்தம்மா என் கையிலிருந்ததை வாங்கி, பள்ளிப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்து, "இது திருத்திய பதிப்புங்க, கணக்கெல்லாம் மாத்தியாச்சு. உங்குளுது பழசுங்க" என்றார். திருத்தினவர்கள் ஊருக்குள் ஒரு தண்டோரா போட வேண்டாமா? வெளியே வந்தால் வேப்பமரத்தடியில் வளவன் சார் வாண்டுகளுக்கு அளவுகோல் பிடிக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து எழுந்து, "வாங்க, பாப்பா நல்லாப் படிக்குதுங்களா?" என்றார். மச்சான், எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

ஒரு நல்ல மனுஷனை நாம் இரண்டு பேரும் சேர்ந்து கவிழ்த்துவிட்டோம். மார்ச்சில் பொதுத்தேர்வு, அவர் இல்லாமல் மலர்விழி கரையேற மாட்டாள். ஆகவே இந்தக் கடிதம் கண்டதும் சட்டையை மாட்டிக்கொண்டு போய்த் தாளாளரைப் பார்த்து, சாரைப் பழையபடி பன்னிரண்டாம் வகுப்புக்கே கொண்டுவர வேண்டியது. தப்பு முழுக்க என்னுடையது என்றே சொல்லுங்கள். புத்தகம் கொடுத்தது யார் என்று கேட்டால் மட்டும் உண்மையைச் சொல்லுங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம். மதனுக்குக் காலேஜில் சேர்ந்திருக்கும் அரியர்கள் எல்லாம் திருச்செங்கோட்டு அர்த்தநாரீஸ்வரர் அருளால் ஒவ்வொன்றாகக் கழியட்டும்.

இப்படிக்கு,
சண்முகவேல்

பின்குறிப்பு: தாளாளரிடம் இப்போதைக்குப் பேச வேண்டாம். அரையாண்டு மதிப்பெண் இன்று வந்தது. புதிதாக வந்த வாத்தியார் வைத்திருப்பதும் நம்முடைய பதிப்புதானாம், கேள்வியெல்லாம் அதிலிருந்தே எடுத்திருக்கிறார். வகுப்பே முழிக்க, நம் மலர்விழிதான் முதல் மதிப்பெண். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் ஒரு நல்ல வாத்தியார் வேண்டும்தானே. பிள்ளை மட்டும் முகம் தெளியாமல், "மார்ச்சுல கேள்வி எந்தப் புஸ்தகத்துல இருந்துங்கப்பா வரும்?" என்று கேட்கிறாள். தேர்வுத் துறையில் உங்களுக்கு யாராவது பழக்கம் உண்டா?