கண்ணில் விட்ட நொதியும் காணாமல் போன பாட்டனாரும்

கிசில்ஓர்தாவில் மந்தையோடும் மக்களோடும் நலமாக இருக்கும் மூத்த அண்ணன் ஒரின்பாசர் அவர்களுக்கு, அல்மாத்தியிலிருந்து தம்பி துய்சென்பெக் சலாம் சொல்லி எழுதுவது. ஒட்டகம் குட்டி போட்டதா? அண்ணிக்கு முட்டிவலி தேவலையா? இங்கே எல்லோரும் நலம், என்னைத் தவிர.

அண்ணா, நான் உள்ளுக்குள் அழிந்துகொண்டிருக்கிறேன். என் மகள் ரௌஷான் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் குளிர்பெட்டி கெட்டுப்போனதால், ஒரு சின்னக் குப்பியைப் பனிக்கட்டியில் புதைத்துக் கொண்டுவந்து எங்கள் ஃப்ரிட்ஜில் குதிரைக்கறிக்குப் பக்கத்தில் வைத்தாள். என் கண்மருந்தும் அங்கேதான் இருக்கும். கண்ணாடி போடாமல் எடுத்தேன், இரண்டு கண்ணிலும் விட்டுக்கொண்டேன். குளுகுளுவென்று நன்றாகவே இருந்தது. காலிக் குப்பியைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்துவிட்டது.

"அப்பா, அது பாக்டீரியாவுல இருந்து எடுத்த நொதி. டி.என்.ஏ.வ வெட்டுறது."

"எப்படி வெட்டும்?"

"ரெண்டு பாதி சேர்ந்து கவ்வுற கை மாதிரி இருக்கும். நடுவுல ஒரு பள்ளம். டி.என்.ஏ. இழை அதுல வந்து படுக்கும். தனக்குத் தெரிஞ்ச வரிசை வந்துட்டா, பள்ளத்துல இருக்கிற மெக்னீசியத்த வச்சு நறுக்கிடும். உள்ள நுழையிற வைரஸோட டி.என்.ஏ.வ பாக்டீரியா அப்படித்தான் துண்டாக்குது."

"சொந்த டி.என்.ஏ.வ வெட்டாதா?"

"அதுல அடையாளம் போட்டு வச்சிருக்கும், நாம குதிரைக்குச் சூடு போடுறோமே, அப்படி. சூடு இருந்தா தொடாது. பயப்படாதீங்கப்பா, கண்ணீரே கழுவிடும். செல்லுக்குள்ள போகாது."

கடைசியில் சொன்னது என் காதில் ஏறவில்லை. எனக்கு யார் சூடு போட்டார்கள்? நான் என்ன அந்தப் பாக்டீரியாவின் மந்தையா? டி.என்.ஏ. என்றால் முன்னோர் கொடுத்ததுதானே, அதை வெட்டினால் முன்னோரைத்தானே வெட்டும் என்று அன்றிலிருந்து காலையில் எழுந்ததும் ஏழு தலைமுறைப் பாட்டன்மார் பெயரை ஒப்பித்துப் பார்க்கிறேன். மெக்னீசியம் சேரக்கூடாது என்று மினரல் வாட்டரையெல்லாம் கொட்டினேன். என் மனைவி ஸௌலே கண்ணேறு கழிக்க அத்ராஸ்பான் செடியைக் கொளுத்திப் புகை போட்டாள், மாடிவீட்டுக்காரர் தீயணைப்பு வண்டியைக் கூப்பிட்டுவிட்டார். "எங்க பெரியவரே எரியுது?" என்று கேட்டான் வந்தவன். "உள்ளுக்குள்ளப்பா" என்றேன்.

இன்று காலை அது நடந்தே விட்டது. அப்பா ஒமர்பெக், தாத்தா தோக்சன்பாய், எசிர்கெப், கரபாலா, அப்புறம் வெறும் இருட்டு. ஆறாவது பைதாலி, ஏழாவது ஷொலக், இருவரும் பத்திரம். நடுவில் ஐந்தாமவரைக் கச்சிதமாக நறுக்கி எடுத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ரௌஷானைப் பெண் கேட்டு வருகிறார்கள், ஏழு தலைமுறைக்குள் பாட்டன் ஒன்றானால் நம்மில் சம்பந்தம் கூடாதே, அதனால் ஏழு பேரையும் சொல்லச் சொல்வார்கள். ஒருத்தர் குறைஞ்சா, ரெண்டு வீட்டுக்கும் ஒரே பாட்டன், இவன் மறைக்கிறான்னு கறியத் தொடாம எழுந்து போயிடுவாங்க. அவளுக்கு அந்தப் பையனை ரொம்பப் பிடிச்சிருக்கு அண்ணா. என் கண்ணு போனாலும் போகட்டும், அவ கல்யாணம் நிக்கக்கூடாது. உங்கள் மேய்ச்சல் நிலத்தில் போன் எடுக்காது, அதனால் இதை லாரிக்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன். அந்தப் பெயரை எழுதி அவரிடமே கொடுங்கள்.

உங்கள் அடுப்பில் கறியும் கொட்டிலில் குட்டிகளும் என்றும் குறையாதிருக்கட்டும்.

தம்பி,
துய்சென்பெக்

பின்குறிப்பு: ரௌஷான் இப்போதுதான் வந்தாள். அவசரத்தில் குப்பி மாறிவிட்டதாம். நொதி ஆய்வுக்கூடத்திலேயே இருக்கிறதாம், நான் கண்ணில் விட்டது வெறும் உப்புத் தண்ணீராம். விழுந்து விழுந்து சிரித்துவிட்டு டீ போடப் போயிருக்கிறாள். நானும் கூடவே சிரித்தேன். ஆனால் அண்ணா, அந்தப் பெயர் இன்னும் வரவில்லை. நொதி இல்லையென்றால், அவரை என் தலையிலிருந்து நறுக்கியது எது? ரௌஷானிடம் சொல்லிவிடாதீர்கள்.