ஸ்லோ குக்கரில் வெந்த சம்பந்தம்

கரண்ட் போனபோது கேசரோல் பாதிதான் வெந்திருந்தது.

தமிழரசன் ஸ்லோ குக்கரின் கண்ணாடி மூடிக்கு மேல் குனிந்து பார்த்தார். பாலில் ஊறிய பிரெட் துண்டுகள் வெல்லப்பாகில் மிதந்தபடி, எங்களுக்கு ஒன்றும் அவசரமில்லை என்ற முகத்தோடு அவரைத் திரும்பிப் பார்த்தன. சிவப்பு விளக்கு அணைந்திருந்தது.

"ஏ லட்சுமி! கரண்ட் போச்சுடி!"

"சாயங்காலந்தான் வரும். மாசாந்தர பராமரிப்பாம். நேத்தே போன்ல மெசேஜ் வந்துச்சே" என்று கொல்லைப்புறத்திலிருந்து லட்சுமியம்மாளின் குரல் வந்தது.

"அத நேத்தே சொன்னா இன்னா?"

"சொன்னேனே. 'குக்கர் மேட்டர்ல தலையிடாத, ஒனக்கு டெக்னாலஜி புரியாது'ன்னீங்க."

நைனார்பாளையத்தில் தமிழரசனைத் தெரியாதவர்கள் இல்லை. அப்படி யாராவது இருந்துவிடக் கூடாதே என்று கேட்டில் பலகை மாட்டியிருந்தார். 'முன்னாள் வார்டு உறுப்பினர்' என்பதில் 'முன்னாள்' மட்டும் எறும்பு அளவு எழுத்தில் இருக்கும். ஆறு ஏக்கர் மரவள்ளி, வற்றாத கிணறு, சொந்த டிராக்டர் எல்லாம் இருந்தன. முப்பத்து நான்கு வயது மகன் இளவரசனுக்குப் பெண் மட்டும் கிடைக்கவில்லை. மாப்பிள்ளை விவசாயி என்று கேட்டதுமே பாதிப் பேர் போனை வைத்துவிடுவார்கள். மீதிப் பேர் மாப்பிள்ளை வீடு பார்க்க வருவார்கள். கிணற்றை எட்டிப் பார்த்து, அடுப்படியை எட்டிப் பார்த்து, தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுக் கிளம்பிப் போவார்கள்.

பிடித்தால்தான் கை நனைப்பார்கள். பேச வந்த வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டால் பேச்சு முடிந்த மாதிரி. இதுவரை வந்தவர்களில் ஒருவர்கூடத் தண்ணீர்ச் சொம்பைத் தாண்டவில்லை.

ஏன் என்று தமிழரசன் தீர ஆராய்ந்தார். குறை பையனிடம் இல்லை. தன்னிடம் இருக்க வாய்ப்பே இல்லை. ஆகவே அது அந்தக் கரி படிந்த விறகடுப்பில்தான் இருக்கிறது. உடனே ஆன்லைனில், கரண்ட்டில் மெதுவாக வேகவைக்கும் ஸ்லோ குக்கர் வந்தது. கூடவே அவர் ஒரு வீடியோவும் கண்டுபிடித்தார். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண் பிரெட், பால், சர்க்கரை, முட்டை எல்லாவற்றையும் பானையில் கொட்டிவிட்டுத் தூங்கப் போகிறாள். எழுந்து வந்தால் கேசரோல் என்ற இனிப்பான காலை டிபன் தயாராக இருக்கிறது.

"இதப் பாத்துட்டு எந்தப் பொண்ணு வேணாங்கும்?" என்று அவர் வீட்டில் மூன்று தடவை அந்த வீடியோவைப் போட்டுக் காட்டினார்.

"சம்பந்தம் பேசுற நாள்ல முட்டையா?" என்று லட்சுமியம்மாள் கேட்டதில் முட்டை மட்டும் கழன்றுகொண்டது. அதற்குப் பதிலாக மரவள்ளி மாவு சேர்ந்தது.

இன்றைக்கு வருகிறவர்கள் மூங்கில்துறைப்பட்டுப் பக்கத்துக் கரும்பு விவசாயிகள். தரகர் மாயவன் பிடித்துக் கொடுத்த இடம். "நீங்க எப்பிடியோ அவங்களும் அப்பிடியேங்க. ரெண்டு வூட்டுக்கும் ஒரே மனசு, ஒரே கவல. நீங்களே பேசி முடிச்சிக்கங்க, நடுவுல நான் எதுக்கு?" என்று சொல்லிவிட்டு மாயவன் போனை அணைத்து வைத்திருந்தான்.

"யப்பா, கள்ளக்குறிச்சி தாண்டிட்டாங்களாம்" என்று குளித்து முடித்த தலையோடு வந்தான் இளவரசன்.

"அப்ப இன்வெர்ட்டர்ல போடு!"

"ஹால் ஃபேனுக்கே அது மூச்சு வாங்கும்பா."

"நான் சொன்னதச் செய்டா."

செய்தான். இன்வெர்ட்டர் பூனையை மிதித்தது போல் ஒரு சத்தம் போட்டுவிட்டு ஓய்ந்தது. குக்கரின் விளக்கும் எரியவில்லை. அதுவரை ஓடிக்கொண்டிருந்த ஃபேனும் நின்றது.

"சரி, பானைய மட்டும் கழட்டி வெறகடுப்புல வையி" என்றார் தமிழரசன்.

"பீங்காம்பா. வெடிச்சிடும்."

"அமெரிக்காக்காரன் செஞ்சதுடா. வெடிக்குமா?"

"அடியில மேட் இன் சைனான்னு போட்டுக்கீது."

அடுப்பில் வைத்த கொஞ்ச நேரத்தில் பானை, பாகப்பிரிவினை ஆன நிலம் போலச் சரிபாதியாகப் பிளந்தது. பால் வழிந்து அடுப்பு அணைந்தது. அணைந்த அடுப்பிலிருந்து எழுந்த புகை கொல்லையில் நிற்க இடமில்லாமல் ஹாலுக்குள் வந்து உட்கார்ந்தது.

லட்சுமியம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, தப்பித்த பிரெட்டை ஒரு எவர்சில்வர் குண்டானில் வழித்துப் போட்டாள். மறுபடியும் அடுப்பைப் பற்றவைத்து, இருந்த பால் எல்லாவற்றையும் ஊற்றினாள். கேசரோல் இப்போது பாயசம் போல ஓடியது.

"மாவு போடு, கெட்டியாவும்" என்று தமிழரசன் தானே அள்ளிப் போட்டார். ஓட்டுப் போடுவதற்கு முந்தின நாளில் மட்டும் அவரிடம் காணப்பட்ட தாராளம் அந்தக் கையில் இருந்தது.

கெட்டியானது. மேலும் கெட்டியானது. கரண்டி தன்னால் நின்றது.

"இதுல போஸ்டர் ஒட்டலாங்க" என்றாள் லட்சுமியம்மாள்.

தமிழரசன் வென்ற தேர்தலில் போஸ்டர் ஒட்டியதே இந்த மாவில்தான்.

வாசலில் கார் ஹாரன் கேட்டது. குண்டானை அப்படியே தூக்கி ஸ்லோ குக்கரின் கூட்டுக்குள் இறக்கி, மேலே கண்ணாடி மூடியை வைத்து, ஹால் மேசையின் நடுவில் வைத்தார்கள். மூடி சரியாக உட்காராமல் ஒரு பக்கம் வாயைப் பிளந்துகொண்டு இருந்தது. அதன் மேல் ஒரு பூப்போட்ட துண்டு போர்த்தப்பட்டது.

"வாங்க, வாங்க!"

முதலில் வந்தவர் பூமாலை. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. அந்தச் சட்டையில் இன்னும் கடைக்காரர் குத்திய குண்டூசி ஒன்று மிச்சமிருந்தது. பின்னால் பழத்தட்டோடு அவர் மனைவி தைலம்மாள். அவளுக்குப் பின்னால் படிய வாரிய தலையோடு ஒரு வாலிபன். கடைசியில் தைலம்மாளின் தம்பி அம்மாசி.

"நம்ம பையன், ஜெயப்பிரகாஷ்" என்றார் பூமாலை.

'பெண்ணின் அண்ணன். இவனை வளைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது' என்று தமிழரசன் கணக்குப் போட்டார். "வாங்க தம்பி, ஃபேனுக்குக் கீழ ஒக்காருங்க" என்று ஓடாத ஃபேனுக்குக் கீழே உட்காரவைத்து, விசிறியையும் கையில் கொடுத்தார். "இவன் நம்ம பையன், இளவரசன்."

இரண்டு வாலிபர்களும் ஒரே சோபாவில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். இருவரும் தரையைப் பார்த்தார்கள்.

"தம்பி இன்னா பண்றாருங்க?" என்று கேட்டார் தமிழரசன்.

"கரும்புதாங்க. ஆனா கையில மண்ணு படாத கரும்பு. ட்ரோன்லதான் மருந்து அடிக்கிறான்."

அந்த ட்ரோன் பக்கத்து ஊர்க்காரருடையது என்ற விவரத்தைப் பூமாலை சேர்க்கவில்லை.

"நம்ம பையனும் அப்பிடித்தாங்க. மோட்டாரைப் போன்லயே ஆன் பண்ணுவான்" என்றார் தமிழரசன். இளவரசன் கிணற்றடி ஆளுக்குப் போன் போட்டு மோட்டார் போடச் சொல்லுவான். அந்த வகையில் அதுவும் உண்மைதான்.

"ஒரே பையனுங்களா?"

"ஒரே பையன். இருக்கறதெல்லாம் அவனுக்குத்தாங்க" என்றார் தமிழரசன் பெருமையாக.

பூமாலையின் முகம் ஒரு கணம் வாடியது. உடனே நிமிர்ந்துகொண்டார். "சொத்தாங்க முக்கியம்? மனசுதாங்க முக்கியம்."

தமிழரசனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பெண் கொடுக்க வந்தவர் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தையை அவர் இந்த வயதுக்குக் கேட்டதே இல்லை.

அம்மாசி மட்டும் உள் அறையின் கதவை அடிக்கடி எட்டிப் பார்த்தபடி இருந்தான். "ரெடியாவ இன்னும் நேரமாவுங்களா?"

"அவசரப்படாதடா" என்று பூமாலை அவன் தொடையைக் கிள்ளினார். "மெதுவா ஆவட்டுங்க. நாங்க எத்தினி நேரம்னாலும் ஒக்காந்திருப்போம்."

"மெதுவா ஆவுறதுதாங்க இதுல அழகே" என்று தமிழரசன் எழுந்து துண்டை விலக்கினார். "ஸ்லோ குக்கர். ஒரு தடவ போட்டாப் போதும். அடுப்பில்ல, பொகையில்ல."

அடுக்களைப் பக்கமிருந்து ஒரு சுருள் புகை வந்து எல்லோரையும் விசாரித்துவிட்டுப் போனது.

"பக்கத்து வூட்ல" என்றார் தமிழரசன்.

"எங்க வூட்லயும் பொண்ணுங்கள அடுப்பாண்ட விடுறதே இல்லீங்க. ராணி மாதிரி வச்சிருப்போம்" என்றார் பூமாலை.

தமிழரசனுக்கு நெஞ்சு நிறைந்தது. வாங்கியது வீண் போகவில்லை.

தைலம்மாள் குக்கரின் பக்கவாட்டை ஆசையாகத் தடவினாள். "இது புதுசுங்களா?"

"பொண்ணுக்குன்னே வாங்குனதும்மா."

தைலம்மாளும் பூமாலையும் ஒருவரையொருவர் பார்த்துப் பூரித்தார்கள்.

"கரண்ட் இல்லியே. எப்பிடிங்க வேவுது?" என்று கேட்டான் அம்மாசி.

இளவரசன் தரையை இன்னும் ஆழமாகப் பார்த்தான்.

"அதாங்க டெக்னிக்!" என்றார் தமிழரசன். "சூட்ட உள்ளயே சேத்து வச்சிக்கும். கம்மி கரண்ட், ஜாஸ்தி சூடு. கரண்ட் போனா இன்னும் நல்லா வேவும்."

"நான் இத டவுன்ல பாத்திருக்கேன்" என்றார் பூமாலை, பார்க்காதவர் குரலில்.

அந்த நேரத்தில் தட்டுகளோடு லட்சுமியம்மாள் வந்தாள். காலையிலிருந்து புகையில் நின்ற கண்கள் சிவந்து, நீர் தாரை தாரையாக ஓடிக்கொண்டிருந்தது. தைலம்மாள் பதறி எழுந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கண் கலங்காதீங்க அண்ணி. எல்லார் வூட்லயும் உள்ளதுதான். நாங்க இல்ல?"

தன் விறகடுப்புத் துயரம் ஒரே பார்வையில் புரிந்துவிட்ட முதல் மனுஷியை லட்சுமியம்மாள் நன்றியோடு பார்த்தாள். இப்போது நிஜமாகவே அழுகை வந்தது.

இனி வந்தது கண்டம். தட்டு வைத்தாகிவிட்டது. இந்த இடத்தில்தான் இதுவரை வந்த எல்லோரும், 'இப்பத்தாங்க சாப்டோம்' என்று எழுந்து செருப்பைத் தேடியிருக்கிறார்கள்.

"ஒரு வாய் சாப்டணும். பேரு கேசரோல். நாங்க தெனம் காலையில இதாங்க" என்றார் தமிழரசன்.

பூமாலை மனைவியைப் பார்த்தார். மனைவி அம்மாசியைப் பார்த்தாள். மூவரும் ஒரே நேரத்தில் நாற்காலியை மேசைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

"சாப்டாமப் போவமா? போடுங்க தங்கச்சி!"

லட்சுமியம்மாள் கரண்டியால் அள்ளினாள். கரண்டியோடு குண்டானும், குண்டானோடு குக்கரும் கிளம்பி வந்தன. இளவரசன் பாய்ந்து குக்கரைப் பிடித்தான். ஜெயப்பிரகாஷ் பாய்ந்து குண்டானைப் பிடித்தான். இருவரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்ததில் ஒரு கட்டி கேசரோல் பிரிந்து, தட்டில் 'தொப்' என்று விழுந்தது.

பூமாலை ஒரு கவளம் வாயில் வைத்தார். தாடை ஒருமுறை இறங்கியது. திரும்ப ஏற நேரம் பிடித்தது. கண்கள் மட்டும் பேசின.

"எப்பிடிங்க?"

பூமாலை தண்ணீர் குடித்து, மேல்வரிசைப் பல்லைக் கீழ்வரிசையிலிருந்து பிரித்தெடுத்தார். "அமிர்தங்க. இன்னொரு கரண்டி போடுங்க."

தைலம்மாள் தட்டை வழித்தாள். ஜெயப்பிரகாஷ் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினான். அம்மாசிகூட மறுப்புச் சொல்லாமல் மென்றான், சொல்ல வாய் வரவில்லை என்பதாலும் இருக்கலாம். இதைத் தின்றுவிட்டு மறுபடியும் கேட்கிறவர்கள் தங்கமான மனிதர்களாகத்தான் இருக்க வேண்டும் என்று லட்சுமியம்மாள் முடிவு செய்தாள்.

தமிழரசன் எழுந்து நின்றார். தோளில் துண்டைச் சரி செய்துகொண்டார். வார்டு உறுப்பினராகப் பதவியேற்ற அன்றைக்குப் பிறகு அவர் அவ்வளவு நிமிர்ந்து நின்றதில்லை.

"கை நனைச்சிட்டீங்க. இனிமே நீங்க வேற, நாங்க வேற இல்ல, சம்பந்தி!"

அந்த ஒரு சொல்லில் பூமாலை உடைந்துபோனார். ஓடிவந்து தமிழரசனைக் கட்டிக்கொண்டார். "இந்த வார்த்தைக்காக எத்தினி வூட்டுப் படி ஏறி எறங்கனேன் தெரியுங்களா, சம்பந்தி!"

"நாங்க மட்டும் இன்னாங்க? இந்த ஹால்ல எத்தினி பேருக்குச் சொம்புத் தண்ணி நீட்டியிருப்போம்!"

பெண்கள் இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். தைலம்மாள் பழத்தட்டை எடுத்து நீட்ட, லட்சுமியம்மாள் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சோபாவில் இளவரசனும் ஜெயப்பிரகாஷும் முதன்முறையாக ஒருவரையொருவர் பார்த்து வெட்கத்தோடு சிரித்தார்கள்.

அம்மாசி ஒருவழியாகத் தன் வாயைக் கேசரோலிடமிருந்து மீட்டுக்கொண்டு தொண்டையைச் செருமினான்.

"எல்லாம் ரொம்ப சந்தோசங்க. பொண்ணு பாக்க வந்த எங்க ஜெயப்பிரகாஷு அப்பத்திலேருந்து வேர்த்துக்கினு ஒக்காந்திருக்கான். பொண்ண எப்பங்க கூப்புடுவீங்க?"